டைம் ஆபீஸ் பால்ச்சாமியின் பறவைகள்

ராஜபாளையத்தில் டைம் ஆபீஸ் பால்ச்சாமி என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். வெறும் பால்ச்சாமி என்றால் எந்தப் பால்ச்சாமி என்று திருப்பிக் கேட்பார்கள். ஒரு நூற்பாலையில் ஷிப்டுக்கு வருகிறவர்களின் நேரத்தைக் குறிக்கிற வேலையில் சேர்ந்து, அதே நாற்காலியில் முடி நரைத்து, அதே நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்றவர். சங்கு ஊதி அடங்கியதும் கேட்டைச் சாத்துவதுதான் அவருடைய உத்தியோகத்தின் சாரம். பிள்ளைக்குக் காய்ச்சல், பஸ் வரவில்லை, சைக்கிள் பஞ்சர் என்று எத்தனையோ பேர் கம்பிக்கு வெளியே நின்று கெஞ்சியிருக்கிறார்கள். பால்ச்சாமி தலையை நிமிர்த்தாமல், "நாளைக்கு வா" என்பார். அதில் அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. நேரத்துக்கு வராதவன் மனிதனே இல்லை என்று மனதார நம்பினார், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற மறுநாளே கஷ்டம் தொடங்கிவிட்டது. வீட்டில் நேரம் குறிப்பதற்கு மனைவி காளீஸ்வரி ஒருத்திதான் இருந்தாள். அவள் எழுந்த நேரம், உலை வைத்த நேரம், எதிர்வீட்டில் பேசிவிட்டுத் திரும்பிய நேரம் எல்லாவற்றையும் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள்.

"இங்க பாருங்க, இது மில்லு இல்ல. பேசாம ஒரு எடத்துல உக்காருங்க. இல்லாட்டி வெளிய எங்கிட்டாவது போயிட்டு வாங்க" என்றாள்.

உட்காரத் தெரியாததால் வெளியே போனார். அப்படிப் போன இடம்தான் புளியங்குளம் பூங்கா.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில், மம்சாபுரம் விலக்குக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது அது. பூங்கா என்று வாசலில் எழுதியிருப்பதால் பூங்கா. உள்ளே துருப்பிடித்த சறுக்கு மரம் ஒன்று, நடப்பதற்குக் கல் பாவிய பாதை, சப்பட்டை ரக மாமரம் ஒன்று, கடைசியில் ஒரு குளம். குளத்துக்குள் தண்ணீரில் கால் வைத்தபடி நாலைந்து கருவேல மரங்கள். தை பிறந்தால் அந்த மரங்களில் நீர்க்காகமும் வக்காவும் கூடு கட்டும். வக்கா என்பது பகலெல்லாம் தூங்கிவிட்டு இரவில் மீன் பிடிக்கப் போகிற கொக்கு ஜாதி.

பால்ச்சாமி முதல் நாள் போனது சாயங்காலம். பகலெல்லாம் மீன் பிடித்த நீர்க்காகங்கள் வரிசையாகத் திரும்பி வந்தன. அவை வந்து இறங்க இறங்க, அதுவரை மரத்தில் தூங்கிக்கொண்டிருந்த வக்காக்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பகல் ஷிப்டு உள்ளே, ராத்திரி ஷிப்டு வெளியே. ஒருத்தரை ஒருத்தர் இடிக்கவில்லை. யாரும் பிந்தி வரவில்லை. பால்ச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் ஒழுங்கு இன்னும் மிச்சமிருக்கிறது என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து காளீஸ்வரியிடம் சொன்னார். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

அந்த ஒரு சாயங்காலத்தோடு விட்டிருந்தால் அவரை நல்ல மனிதர் என்று எழுதி முடித்திருக்கலாம். நம்மவர்களுக்கு ஒன்றைப் பிடித்துப்போனால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடிகிறதா? அதற்கு ஒரு சங்கம் வேண்டும், சங்கத்துக்குத் தலைவர் வேண்டும், தலைவருக்கு ஒரு பேனர் வேண்டும். மாதம் திரும்புவதற்குள் 'பசுமை விடியல் இயற்கை ஆர்வலர் குழு' பிறந்துவிட்டது. தலைவர் பால்ச்சாமி. துணைத் தலைவர் மாரீஸ்வரன். பஜாரில் பட்டாசுக் கடை வைத்திருக்கிறவன்; தீபாவளி முடிந்தால் அடுத்த தீபாவளி வரை அவனுக்குப் பொழுது போகவேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிற தேவகிருபைதான் மற்றொரு தூண். ஓய்வு பெற்ற நர்ஸ். எல்லோருக்கும் அவர் சிஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இலவச இயற்கை நடை. அது போகப் பருவத்துக்கு ஒரு சுற்றுலா. பால்ச்சாமி கழுத்தில் ஒரு விசில் தொங்கும். யாராவது பேசினால், பறவைகள் மிரளுமே என்று பதறிப்போய்ப் பலமாக விசில் அடிப்பார். குழந்தைகளின் கொலுசைக் கழற்றச் சொல்வார். சிவப்புச் சட்டை போட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒருமுறை தும்மியதற்காக ஒரு வங்கிக்காரரை வரிசையின் கடைசிக்கு மாற்றினார்.

சித்திரையில் மரங்களுக்கு நன்றி சொல்லும் நடை. ஆளுக்கொரு மரத்தைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தலைவர் என்ற முறையில் சப்பட்டை மாமரத்தை அவர் எடுத்துக்கொண்டார். மாமரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டியிருப்பதை முசுறு சொல்லித்தான் தெரிந்துகொண்டார். சட்டையைக் கழற்றி உதறியபடி அவர் ஆடிய ஆட்டத்தை உடற்பயிற்சி என்று நினைத்துப் பின்வரிசையில் இரண்டு பேர் கூடச் சேர்ந்து ஆடினார்கள்.

ஐப்பசியில் வண்ணத்துப்பூச்சி நடை. பேனரைப் பெரிதாக அடித்துவிட்டான் மாரீஸ்வரன். அதை விரித்துப் பிடித்ததில் செடியே தெரியவில்லை. மார்கழியில் சாம்பல் அணில் பார்க்கச் செண்பகத்தோப்பு மலையடிவாரத்துக்கு வேன். போகிற வழியெல்லாம் பாட்டு, இறங்கியதும் புளியோதரை, பிறகு வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை. அணில் எதுவும் வரவில்லை. "சொல்லி வச்சும் வரல பாருங்க" என்று பால்ச்சாமி திரும்பி வரும்போது வேனில் குறைப்பட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து அணிலுக்கு ஆப்சென்ட் போட்டார்.

சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகிவிடும். மில்லில் அவர் சொன்னதைக் கேட்டார்கள், சம்பளம் போய்விடுமே என்று. வீட்டில் அவர் சொன்னதை யாரும் கேட்டதில்லை. புளியங்குளத்தில் மட்டும்தான், ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் கையை நீட்டிய திசையில் கொஞ்சம் மனிதர்கள் தாங்களாக விரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு காலைக்காக மிச்ச ஆறு நாட்களையும் அவர் தள்ளினார். சனிக்கிழமை மாலையே சட்டையைத் தேய்த்து வைத்துவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் போன தை மாதம் ஆபத்து வந்தது. குளத்தைத் தூர்த்துத் தளம் போட்டு, பாட்டுக்கு ஆடுகிற நீரூற்று வைக்கப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. மாதிரிப் படம்கூட வந்துவிட்டது. அதில் கருவேல மரங்கள் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் டால்பின்கள் இரண்டு இருந்தன.

பால்ச்சாமி ஆடிப்போனார். குளம் போனால் மரம் போகும், மரம் போனால் பறவை போகும், பறவை போனால் தன் ஞாயிற்றுக்கிழமையும் போகும் என்று கணக்குப் போடத் தெரியாதவரா அவர்? அலைந்தார். பூங்காவைப் பார்த்துக்கொள்கிற அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். கடைசியில் மாரீஸ்வரன் போன அன்றைக்குத்தான் காரியம் நடந்தது. புதிதாக மாற்றலாகி வந்திருந்த அதிகாரி எலினா மேடம், "ஞாயித்துக்கெழம ஏழு மணிக்கு நானே வந்து பாக்கேன். பறவைங்க கூடு இருக்கிறது உண்மைன்னா நீரூற்று வேண்டாம்னு எழுதிருவேன்" என்று சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை மாலை பட்டாசுக் கடையில் அவசரக் கூட்டம். பொன்னாடை, பழத்தட்டு, பேனர் எல்லாம் ஏகமனதாக முடிவாயின. மாரீஸ்வரன் தொண்டையைச் செருமினான்.

"அண்ணாச்சி, பெரிய அதிகாரி மொதமொதல்ல வாராக. அவுக ஜீப்ப விட்டு எறங்கையில ஒரு பத்தாயிரம் வாலா போட்டுருவோம்."

தேவகிருபை அவனை மேலும் கீழும் பார்த்தார். "பறவையக் காட்டக் கூப்பிட்டுட்டு வெடியப் போட்டா, அவிய எதைய்யா பாப்பாக?"

வெளியூர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். சிவகாசி எங்களுக்குக் கூப்பிடு தூரம். பிள்ளை பிறந்தால் வெடி, பெண் சமைந்தால் வெடி, பெரியவர் போய்ச் சேர்ந்தால் வெடி, பேங்க் மேனேஜர் மாற்றலானால் வெடி. வெடி இல்லாமல் ஒருவரை வரவேற்பது, வீட்டுக்கு வந்தவரை வா என்று சொல்லாமல் நிறுத்திவைப்பதற்குச் சமம். பால்ச்சாமியின் மில்லில் முதலாளி வந்து இறங்கியபோது ஒருமுறை சரம் நமுத்துப்போய் வெடிக்கவில்லை. அந்தச் சரத்துக்குப் பொறுப்பாயிருந்தவர் கடைசிவரை பிரமோஷன் பார்க்கவில்லை.

பால்ச்சாமி யோசித்தார். அவருக்குப் பறவை முக்கியம்தான். ஆனால் அதிகாரி முகம் சுளித்துவிட்டால்?

"சிஸ்டர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றார். "பத்தாயிரம் வேண்டாம். ஆயிரம் வாலா போதும். வெடி முன்வாசல்ல. பறவை பின்னால கொளத்துல. அதுக்கும் இதுக்கும் எம்புட்டுத் தூரம்?"

"கூப்பிட்டாக் கேக்கிற தூரம்" என்றார் தேவகிருபை.

"பசுமைப் பட்டாசுதான் சிஸ்டர், பெட்டியிலயே போட்டிருக்கு" என்று மாரீஸ்வரன் ஆறுதல் சொன்னான். கை தூக்கச் சொன்னார்கள். தேவகிருபையைத் தவிர எல்லாக் கையும் மேலே போனது. பத்தாயிரத்தை ஆயிரமாகக் குறைத்தது தான்தான் என்ற திருப்தியோடு பால்ச்சாமி வீட்டுக்குப் போனார். இயற்கைக்கு ஏதோ நம்மால் முடிந்தது என்று காளீஸ்வரியிடமும் சொன்னார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் பூங்காவுக்குப் போய்விட்டார். மாரீஸ்வரனை வெடியோடு முன்வாசலில் நிறுத்தினார். "ஜீப்பு வந்து நின்னதும் பத்த வச்சிரு. ஏழுன்னா ஏழு. ஒரு நிமிசம் தப்பக்கூடாது" என்று சொல்லிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் குளத்துப் பக்கம் நடந்தார். மரங்களில் வக்காக்கள் முட்டைமேல் உட்கார்ந்திருந்தன. சில கூடுகளில் குஞ்சுகள் வாயைப் பிளந்து காட்டின. பால்ச்சாமி மனதுக்குள் எல்லோருக்கும் பிரசென்ட் போட்டார்.

அப்போதுதான் கவனித்தார். கரையில் ஒரு கல்மேல், சுடிதார் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அதுவும் சிவப்புத் துப்பட்டா.

அது எலினா மேடம்தான். கூட்டம் கூடுவதற்கு முன் பறவைகளை நிம்மதியாகப் பார்க்கவேண்டும் என்று, ஜீப்பை ஏழு மணிக்கு முன்வாசலுக்கு வரச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரில் பின்வழியாக வந்து வெகு நேரமாக உட்கார்ந்திருந்தார். அவரை நேரில் பார்த்திருந்தது மாரீஸ்வரன் மட்டுமே. பிந்தி வருகிறவர்களை எப்படி நடத்துவது என்று பால்ச்சாமிக்குத் தெரியும். முந்தி வருகிறவர்களைப் பற்றி எந்த டைம் ஆபீஸிலும் யாரும் யோசித்ததில்லை.

விசிலை எடுத்து ஊதினார். மரத்தில் ஒரு வக்கா எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்தது.

"ஏம்மா, அங்க உக்காராத. செவப்புத் துணியக் கண்டா பறவ மெரளும். அத எடுத்துப் பைக்குள்ள வையி."

அந்தப் பெண் துப்பட்டாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "மன்னிச்சிருங்க ஐயா. நீங்க யாரு?"

"நாந்தான் தலைவர்" என்றார். எதற்குத் தலைவர் என்று சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"இந்தப் பறவைங்க அவ்வளவு பயப்படுமா?"

கேள்வி கேட்கிற ஆள் கிடைத்தால் பால்ச்சாமிக்குத் தாகம் பசி தெரியாது. குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார். "அத ஏன் கேக்க. முட்டை வச்சிருக்கிற நேரம் பாத்துக்கோ. ஒரு பெரிய சத்தம் கேட்டுச்சுன்னா அம்புட்டும் கூட்ட விட்டுப் பறந்துரும். தாய் அந்தப் பக்கம் போகணும், காக்கா இந்தப் பக்கம் எறங்கிரும். பொறவு தாய் திரும்பி வந்து என்ன செய்ய? அதனாலதான் நான் எல்லாரையும் இம்புட்டு வெரட்டுறேன். என்னையத் திட்டுவாக. திட்டிட்டுப் போறாக. என்னையக் கேட்டா, கூடு கட்டுற மாசத்துல இந்தக் கேட்டயே பூட்டிப் போட்டுறணும். ஒருத்தனையும் உள்ள விடக்கூடாது."

வருஷக்கணக்கில் அவர் பேசிய பேச்சுகளில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லாத பேச்சு அதுதான். அந்தப் பெண் அவரை மரியாதையோடு பார்த்தாள். பால்ச்சாமிக்கு மனம் நிறைந்துவிட்டது.

அந்த நேரத்தில் முன்வாசலில் ஜீப் வந்து நின்றது. டிரைவர் மட்டும்தான் அதில் இருந்தார். ஏழென்றால் ஏழு. மாரீஸ்வரன் தலைவர் சொல்லை ஒருநாளும் தட்டாதவன்.

ஆயிரம் வாலா என்பது ஊர் நடுவில் கேட்டால் ஆயிரம் வாலா. விடிகாலையில், திறந்த வெளியில், குளத்துத் தண்ணீர்மேல் வரும்போது அதன் சத்தமே வேறு. கருவேல மரங்கள் மொத்தமாக ஒரு குலுங்கு குலுங்கின. நீர்க்காகம், வக்கா, ஓரத்தில் நின்ற மடையான் கொக்கு என்று எல்லாம் ஒரே எழும்பாக எழும்பி, தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றி, மேற்கே மலைப் பக்கம் போயின. சரம் கடைசிவரை நன்றாக வெடித்தது. நமுத்துப்போகாத சரக்கு.

சத்தம் அடங்கியதும் காகங்கள் வந்தன. அவசரமே படாமல் வந்தன. ஒரு காகம் கூட்டு விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தது. பால்ச்சாமி விசிலை ஊதினார். கையைத் தட்டினார். கல்லை எடுத்து எறிந்தார். பாதித் தூரத்தில் தண்ணீரில் விழுந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்துக்குள் இறங்கினார், முழங்கால் அளவு சேற்றில் கால் மாட்டிக்கொண்டது. நின்ற இடத்திலிருந்து, காகங்கள் ஒவ்வொரு கூடாகப் போய்வருவதை அவர் பார்த்துக்கொண்டே நிற்கவேண்டியிருந்தது. வாயில் விசில் இருந்தது, ஊத மூச்சு வரவில்லை.

பொன்னாடையோடு ஓடி வந்த மாரீஸ்வரன் கரையில் நின்ற பெண்ணைப் பார்த்துத் திகைத்தான்.

"மேடம், இங்கயா இருக்கீக? ஒங்கள அங்கல்லா வரவேத்துக்கிட்டு இருக்கோம்."

எலினா மேடம் கூடுகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த வெடிக்கு யாரு ஏற்பாடு?"

"நம்ம தலைவர்தான் மேடம்" என்றான் மாரீஸ்வரன் பெருமையாக, சேற்றில் நின்ற பால்ச்சாமியைக் கைகாட்டி. "பத்தாயிரம் போடலாம்னேன். அண்ணாச்சிதான் சிம்பிளா இருக்கட்டும்னாரு."

பால்ச்சாமியைக் கரையேற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதன் பிறகும் நிகழ்ச்சி நிரலில் எதுவும் குறையவில்லை. வரவேற்புரை நடந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். எலினா மேடம் மைக்கைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"கூடு இருக்கிறத என் கண்ணால பாத்தேன். குளத்தை யாரும் தொட மாட்டாங்க. நீரூற்று வராது" என்றார்.

கைதட்டல் அடங்க நேரமானது. பால்ச்சாமியும் சேறு காயாத கையால் தட்டினார்.

"இன்னொண்ணு. தலைவர் ஐயா காலையில எனக்கு ஒரு யோசனை சொன்னாங்க. கூடு கட்டுற மாசத்துல இந்தக் கேட்டையே பூட்டிறணும், ஒருத்தரையும் உள்ள விடக்கூடாதுன்னு. நல்ல யோசனை. நாளையிலிருந்து பங்குனி முடியுற வரைக்கும் பூங்கா மூடியிருக்கும். அதுக்குப் பிறகும் இங்கே குழு நடை, பேனர், மைக், விசில் எதுவும் வேண்டாம்."

அதற்கும் தட்டினார்கள். பேச்சு முடிந்தால் கை தட்டுவது ஊர்ப் பழக்கம். பால்ச்சாமியும்தான் தட்டினார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே. தன் பெயர் வந்ததல்லவா. தேவகிருபை மட்டும் தட்டாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைப் பார்த்த பிறகுதான், சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது. கையைக் கீழே இறக்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எழுந்து தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டார். காளீஸ்வரி வாசலில் நின்றாள்.

"எங்க கெளம்பிட்டீக? அதான் பூட்டிட்டாகளே."

"சும்மா செத்த நேரம் போயிட்டு வாரேன்."

அவள் மறிக்கவில்லை. "விசில வச்சுட்டுப் போங்க" என்றாள். கழற்றிக் கொடுத்தார்.

பூங்காக் கதவு சாத்தியிருந்தது. கம்பிக்கு உள்ளே காவலாளி நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பால்ச்சாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஓர் ஐந்து நிமிடம், கரையில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன், சத்தமே போடமாட்டேன் என்றார். சொல்லும்போதே இந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. காவலாளி தலையை நிமிர்த்தவில்லை. "சித்திரையில வாங்க" என்றார்.

பால்ச்சாமி எதிரே பஸ் ஸ்டாப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் சுவருக்கு மேலே கருவேல மரங்களின் உச்சி மட்டும் தெரியும். பறவைகளில் பாதிக்குமேல் திரும்பிவிட்டிருந்தன. ராத்திரி ஷிப்டு முடித்து வந்த வக்காக்கள் தத்தம் கூட்டில் இறங்கின. ஒரு வக்கா மட்டும் ஒரு கூட்டின்மேல் வந்து நின்று, உள்ளே பார்த்து, உட்காராமல் நின்றது. திரும்பத் திரும்பப் பார்த்தது. அதைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

மற்ற கூடுகளில் சில காலியாகவே கிடந்தன. வராதவர்களுக்கு ஆப்சென்ட் போட்டே பழகிய மனிதர். அன்றைக்கு அவருக்கு மனம் வரவில்லை. ராஜபாளையம் பஸ் வந்தது, நின்றது, போனது. அவர் ஏறவில்லை. அந்தக் கூடுகளுக்கு யாராவது பிந்தியாவது வரமாட்டார்களா என்று வெயில் ஏறும்வரை காத்துக்கொண்டிருந்தார்.